முதல் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கப் போகிறீர்களா? சிசியைப் பிறகு பார்க்கலாம்

ஆர்.டி.ஓ. மைதானத்தில் கால் ஊன்றாமல் எட்டு போட்டுக் காட்டினால் நமக்கு லைசென்ஸ் வந்துவிடும். அந்த எட்டைப் பெரும்பாலும் அப்பாவின் ஸ்பிளெண்டரில் போட்டிருப்போம், இல்லையென்றால் டிரைவிங் ஸ்கூல்காரர் கொண்டுவந்த பழைய வண்டியில். கைக்கு வரும் அட்டையில் 'கியர் உள்ள மோட்டார் சைக்கிள்' என்ற ஒரே வகைதான் இருக்கும். 8 பிஎஸ் (குதிரைசக்தி) உள்ள வண்டியில் எட்டு போட்டவர் மறுநாள் காலையில் 190 பிஎஸ், 266 கிலோ சுசுகி ஹயபூசாவை எடுத்துக்கொண்டு அவிநாசி ரோட்டில் போனாலும் சட்டப்படி தவறில்லை. வயது 18 ஆகியிருந்தால் போதும்.

ஐரோப்பிய நாடுகளில் அப்படி முடியாது. 16 வயதில் ஏ1 என்ற லைசென்ஸ்: 125 சிசி, 11 கிலோவாட், அதாவது சுமார் 15 பிஎஸ் வரைதான். 18 வயதில் ஏ2: 35 கிலோவாட், அதாவது 47.6 பிஎஸ் வரை. அதில் இரண்டு வருடம் ஓட்டிய பிறகு, 20 வயதில்தான் எல்லை இல்லாத லைசென்ஸ். நேரடியாகப் பெரிய வண்டி வேண்டுமென்றால் 24 வயது வரை காத்திருக்க வேண்டும். ஏப்ரிலியா ஆர்எஸ் 457 சரியாக 47.6 பிஎஸ்ஸில் நிற்பது இந்த ஏ2 எல்லையால்தான். ஜப்பானிலும் சாதாரண மோட்டார் சைக்கிள் லைசென்ஸ் 400 சிசியோடு முடிந்துவிடுகிறது. நாம் 'சின்ன வண்டி' என்று ஒதுக்கும் யமஹா ஆர்15-ஐக்கூட ஏ1 லைசென்ஸில் ஓட்ட முடியாது. அது 155 சிசி, 18.4 பிஎஸ்.

நம் சட்டத்தில் அந்தப் படிக்கட்டு இல்லை. அதை நாமேதான் கட்டிக்கொள்ள வேண்டும். இந்தக் கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

கிளட்ச் கைக்குப் பழகியிருக்கிறதா?

இதுவரை ஸ்கூட்டர் மட்டும் ஓட்டியவர் என்றால், ஷோரூம் பக்கம் போவதற்கு முன் மூன்று மாதம் ஒரு 100 அல்லது 125 சிசி கியர் வண்டியை ஓட்டுங்கள். சித்தப்பா வண்டியோ அண்ணன் வண்டியோ, எதுவானாலும் சரி. தினமும் ஆபீஸ் போய் வரும் அளவுக்காவது ஓட்ட வேண்டும்.

பழகிவிட்டதா என்று கண்டுபிடிக்க இரண்டு சோதனை போதும். மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் நிற்கும்போது நீங்களும் நின்று, பின்னால் ஒரு அடிகூட உருளாமல், ஆஃப் ஆகாமல் கிளம்புகிறீர்களா? முதல் கியரில், ஒருவர் நடக்கும் வேகத்தில், காலைத் தரையில் வைக்காமல் ஐம்பதடி தூரம் நேராகப் போக முடிகிறதா? இரண்டும் யோசிக்காமல் நடந்தால் நீங்கள் தயார். கிளட்சைப் பற்றி இன்னும் யோசிக்க வேண்டியிருந்தால், மூளையில் பாதி அங்கேயே போய்விடும். ரோட்டைப் பார்க்க மிச்சம் பாதிதான் இருக்கும். ஸ்போர்ட்ஸ் வண்டியில் அது போதாது.

உட்கார்ந்து பாருங்கள், அவசரமில்லாமல்

ஸ்போர்ட்ஸ் பைக்கைச் சாதாரண பைக்கிலிருந்து பிரிப்பது முதலில் உட்காரும் விதம்தான். என்ஜின் அதற்கு அப்புறம். கைப்பிடிகள் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயிலேயே தாழ்வாகப் பொருத்தப்பட்டிருக்கும். இதைத்தான் கிளிப்-ஆன் என்கிறோம். கால் வைக்கும் இடம் பின்னாலும் மேலேயும் தள்ளியிருக்கும். உடம்பு முன்னால் சாயும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்று நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும்போது இந்த இருப்பு அருமையாக இருக்கும். காந்திபுரம் சிக்னலில் இருபது கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது தாங்க காற்று இல்லை. உங்கள் மேல் உடம்பின் பாரம் முழுக்க மணிக்கட்டில் இறங்கும்.

ஷோரூமில் இரண்டு நிமிடம் ஏறி உட்கார்ந்து, செல்ஃபி எடுத்து, இறங்கிவிடாதீர்கள். சேல்ஸ்மேனிடம் கேட்டு, வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போன்ற பேடாக் ஸ்டாண்டில் நிறுத்தி, பதினைந்து இருபது நிமிடம் ஓட்டுவதுபோல் உட்காருங்கள். முழங்கால் இரண்டாலும் டேங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கி, கைகளைத் தளர்த்திப் பாருங்கள். ஹேண்டிலில் பியானோ வாசிப்பதுபோல் விரல்களை அசைக்க முடிந்தால் இருப்பு சரி. கழுத்தின் பின்புறம் வலிக்கிறதா, உள்ளங்கை மரத்துப்போகிறதா என்று கவனியுங்கள். முதுகுத்தண்டுப் பிரச்சினை ஏற்கெனவே இருந்தால் இந்த இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். உடம்பு சொல்வதைக் கேளுங்கள்.

சீட் உயரத்தை உங்கள் ஷூவோடு பாருங்கள். ஆர்15-க்கு 815 மி.மீ., அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு 810, ஜிக்ஸர் எஸ்எஃப் 250-க்கு 800, நின்ஜா 300-க்கு 780. எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. சீட்டின் முன்பகுதி ஒடுங்கியிருந்தால் உயரமான வண்டியிலும் கால் எட்டும். அகன்றிருந்தால் தாழ்ந்த வண்டியிலும் எட்டாது. குதிகால் முழுதும் படிய வேண்டும் என்பதில்லை. இரண்டு பாதங்களின் முன்பகுதியும் ஒரே நேரத்தில் தரையில் அழுந்தினால் போதும். ஆனால் இன்னொன்றும் செய்யுங்கள்: ஷோரூம் வாசலில் சரிவு இருந்தால், வண்டி மேல் உட்கார்ந்தபடியே காலால் தள்ளி அதைப் பின்னால் ஏற்றிப் பாருங்கள். தியேட்டர் பார்க்கிங்கில் தினமும் அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

கடைசியாக, ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள். இது யாரும் சொல்லித் தராத விஷயம். கிளிப்-ஆன் வண்டிகளில் ஹேண்டில் அதிகம் திரும்பாது. ஃபேரிங் எனும் பிளாஸ்டிக் உறையும் டேங்கும் தடுக்கும். அதனால் யூ-டர்ன் அடிக்க அதிக இடம் வேண்டும். நான் இதைக் கற்றுக்கொண்டது வாங்கிய ஆறாவது நாள், ஆர்.எஸ்.புரத்தில் ஒரு குறுக்குத் தெருவில். பழைய வண்டியில் ஒரே வீச்சில் திரும்பும் இடம் அது. ஹேண்டில் வலப்பக்கம் முட்டி நின்றது, கட்டைவிரல் டேங்குக்கும் கைப்பிடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது, எதிரே ஒரு சைக்கிள் வந்தது. நான் முன் பிரேக்கை அழுத்தினேன். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக் பிடித்தால் முன்பக்கம் அமுங்கி, வண்டி திரும்பிய பக்கமாகச் சாயும். 150 கிலோ ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் எந்தக் காலாலும் தாங்க முடியாது. மெதுவாக, கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே, வண்டி வலப்பக்கம் படுத்தது.

பக்கத்தில் இஸ்திரி வண்டி வைத்திருந்த பெரியவர் பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு ஓடிவந்து தூக்க உதவினார். வண்டியைச் சாய்த்து நிறுத்திய பிறகு, "திருப்பறப்ப கை பிரேக்கைத் தொடாதீங்க தம்பி, கால் பிரேக்கை மெல்ல அமுக்குங்க" என்றார். பதினைந்து வருடம் புல்லட் ஓட்டியவராம். எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் மெதுவேகத் திருப்பத்துக்கு முதல் பாடம் அதுதான்.

எண்களை எப்படிப் படிப்பது

சிசி என்பது என்ஜின் சிலிண்டரின் கொள்ளளவு. அது மட்டும் வண்டியின் குணத்தைச் சொல்லாது. சக்தியை எடையோடு சேர்த்துப் பாருங்கள். நூறு கிலோ எடைக்கு எத்தனை பிஎஸ் என்று கணக்குப் போட்டால் ஸ்பிளெண்டருக்கு ஏழு வரும். ஆர்15-க்கு 13, ஜிக்ஸர் எஸ்எஃப் 250-க்குப் பதினாறரை, 38 பிஎஸ் தரும் புதிய ஆர்ஆர் 310-க்கு 22, கேடிஎம் ஆர்சி 390-க்கு 25, ஹயபூசாவுக்கு 71. ஸ்பிளெண்டரில் பழகிய கைக்கு ஆர்15 என்பதே கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆர்சி 390 மூன்றரை மடங்கு. இந்த வரிசையில் ஒரு படி ஏறினாலே வித்தியாசம் உடம்புக்குத் தெரியும். இரண்டு படியை ஒன்றாகத் தாண்ட வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

அடுத்தது, அந்தச் சக்தி எந்த ஆர்பிஎம்மில், அதாவது என்ஜின் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழலும்போது வருகிறது என்பது. ஆர்15 தன் முழு 18.4 பிஎஸ்ஸைத் தருவது 10,000 ஆர்பிஎம்மில். 7,400-ஐத் தாண்டும்போது வால்வுகள் திறக்கும் விதமே மாறுகிறது. விவிஏ என்று யமஹா சொல்வது இதைத்தான். ஆக, 4,000-ல் ஓட்டும்போது அது சாதுவான 150 வண்டிபோலத்தான் நடந்துகொள்ளும். சக்தி வேண்டுமென்றால் கியரைக் குறைத்து நீங்களே கேட்டு வாங்க வேண்டும். புதியவருக்கு இது குறை அல்ல. கை தவறி ஆக்சிலரேட்டர் கொஞ்சம் அதிகமாகத் திரும்பினாலும் வண்டி உங்களை இழுத்துக்கொண்டு ஓடாது. ஆர்சி 390 போன்ற பெரிய ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் 37 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை இருக்கிறது, அதுவும் பாதி ஆர்பிஎம்மிலேயே பெரும்பகுதி வந்துவிடும். வேகத்தடையில் குலுங்கும்போது கை சற்றே அசைந்தாலும் வண்டி துள்ளும்.

தவறை மன்னிக்கும் சாதனங்களில் முதலாவது ஏபிஎஸ், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகிவிடாமல் தடுப்பது. 125 சிசிக்கு மேற்பட்ட எல்லாப் புது வண்டிகளுக்கும் 2019 ஏப்ரலிலிருந்து இது கட்டாயம். ஆனால் முன் சக்கரத்துக்கு மட்டும் உள்ளதும் உண்டு, இரண்டுக்கும் உள்ளதும் உண்டு. இரண்டுக்கும் உள்ள டூயல் சேனலையே வாங்குங்கள். பதறிப்போய் மிதிக்கும்போது பின் சக்கரம் இறுகி வழுக்குவதுதான் புதியவர்களுக்கு அதிகம் நடப்பது. இரண்டாவது ஸ்லிப்பர் கிளட்ச். அவசரமாக ஒரேயடியாக இரண்டு கியர் குறைத்துவிட்டால் பின் சக்கரம் துள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். மூன்றாவது டயர். மற்றவற்றைவிட முக்கியமும் அதுதான், தரையைத் தொடுவது அது மட்டும்தானே. நல்ல டயர் போட, தேய்ந்துபோன டயரைக் காலத்தில் மாற்ற, ஒருபோதும் கணக்குப் பார்க்காதீர்கள்.

டாப் ஸ்பீடு எண்ணை நான் பார்ப்பதே இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும்போது ஒரு விநாடிக்குப் பதினேழு மீட்டர் கடக்கிறோம். பிரேக்கில் கை போவதற்குள் அது ஓடிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இந்தக் கணக்கு எல்லா வண்டிக்கும் ஒன்றுதான்.

எந்த வண்டி?

என் கருத்தைச் சொல்கிறேன். தினமும் ஊருக்குள் முப்பது நாற்பது கிலோமீட்டர் ஓட்டி, ஞாயிறன்று வால்பாறையோ ஏற்காடோ போக ஆசைப்படும் புதியவருக்கு என் முதல் தேர்வு சுசுகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250. பார்க்க ஸ்போர்ட்ஸ் வண்டி, உட்கார்ந்தால் மணிக்கட்டை வதைக்காது. எண்ணெயால் குளிரும் என்ஜின், ரேடியேட்டர் கிடையாது. 26.5 பிஎஸ் என்பது நெடுஞ்சாலையில் தாராளம். அதன் 150 சிசி தம்பி இன்னும் இதமானது, 13.6 பிஎஸ்தான், ஆனால் ஒரு வருடத்தில் சலித்துவிடும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வளைவில் சாய்வதைக் கற்றுக்கொள்ளத்தான் வண்டி என்றால் ஆர்15. 2008-ல் முதல் தலைமுறை வந்ததிலிருந்து இந்த நாட்டில் எத்தனையோ பேருக்கு இதுதான் பள்ளிக்கூடம். டெல்டாபாக்ஸ் என்ற சேசிஸின் (சட்டகத்தின்) உறுதி, 142 கிலோ எடை, டூயல் சேனல் ஏபிஎஸ், ஸ்லிப்பர் கிளட்ச் எல்லாம் சேர்ந்து, நீங்கள் செய்வது சரியா தவறா என்று உடனே சொல்லும் வண்டி. ஆனால் இருப்பு கடுமையானது. பின்னால் உட்காருபவருக்கு அதைவிடக் கடுமை. அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டிய வீடு என்றால் யோசியுங்கள். அந்த உயரமான சின்ன சீட்டில் புடவையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து வருவது அவர்களுக்கு ஆபத்து. பழைய ஸ்கூட்டரை விற்காமல் வைத்துக்கொள்ள முடியுமா என்று பாருங்கள்.

பஜாஜ் பல்சர் ஆர்எஸ்200, ஹீரோ கரிஸ்மா எக்ஸ்எம்ஆர் இரண்டும் 25 பிஎஸ்ஸை ஒட்டியவை, இருப்பும் மிதமானது. தினசரி ஓட்டத்துக்குத் தைரியமாக எடுக்கலாம். கேடிஎம் ஆர்சி 200-ம் அதே அளவு சக்திதான், குணம் மட்டும் கூர்மை. ஏற்கெனவே 150, 160 சிசி வண்டியை இரண்டு வருடம் ஓட்டியவருக்கு ஏற்றது. ஓசூரில் தயாராகும் டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310 முதல் ஸ்போர்ட்ஸ் வண்டிக்கு மேல் எல்லை என்று நினைக்கிறேன். அதில் ரெயின் என்றொரு மோடு இருக்கிறது. அதில் சக்தி குறைத்துத் தரப்படும். முதல் சில மாதங்கள் அதிலேயே ஓட்டும் பொறுமை உள்ளவருக்கு மட்டும் நான் அதைச் சொல்வேன். ஆர்சி 390, யமஹா ஆர்3, ஆர்எஸ் 457 எல்லாம் நல்ல வண்டிகள், இரண்டாவது வண்டிகள்.

பணக் கணக்கு

விளம்பரத்தில் போடுவது எக்ஸ்-ஷோரூம் விலை. சாலை வரி, ரெஜிஸ்ட்ரேஷன், இன்சூரன்ஸ் சேர்த்து ஆன்ரோடு விலையை எழுத்தில் வாங்குங்கள். 'ஹேண்ட்லிங் சார்ஜ்', கட்டாய ஆக்சசரீஸ் என்று வரும் வரிகளைக் கேள்வி கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது; 350-க்கு மேல் 40 சதவீதமானது. முதல் வண்டியை 350-க்குக் கீழே வைத்துக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

இன்சூரன்ஸில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடத் தேர்டு பார்ட்டி கட்டாயம். ஷோரூமில் "ஐந்து வருட இன்சூரன்ஸ் இருக்கு சார்" என்பார்கள். அது எதிராளிக்கான காப்பீடு. உங்கள் வண்டியின் சேதத்துக்கான பகுதி பெரும்பாலும் ஒரு வருடத்துக்குத்தான் இருக்கும். அடுத்த வருடம் அதைப் புதுப்பிக்க மறந்தால் வண்டிக்குக் காப்பே இல்லை. தேர்டு பார்ட்டி பிரீமியம் சிசியைப் பொறுத்தது: 2022 ஜூனில் நிர்ணயித்தபடி 75-க்கு மேல் 150 சிசி வரை வருடம் 714 ரூபாய், 150-க்கு மேல் 350 வரை 1,366, அதற்கு மேல் 2,804. 155 சிசி வண்டியும் நடுப்பிரிவில்தான் விழும்.

'ஜீரோ டிப்ரிசியேஷன்' சேர்த்தே ஆக வேண்டும். சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். சாதாரண பைக்கில் பிளாஸ்டிக் எவ்வளவு இருக்கும்? ஸ்போர்ட்ஸ் பைக்கோ தலை முதல் வால் வரை பிளாஸ்டிக்தான். ஆர்.எஸ்.புரத்தில் விழுந்த வண்டிக்கு வலப்பக்க ஃபேரிங், இண்டிகேட்டர், பிரேக் லீவர் மாற்ற வேண்டியிருந்தது. நான் அதைச் சேர்க்கவில்லை. ஃபேரிங்கின் பாதி விலை என் கையிலிருந்து போயிற்று, நின்ற இடத்தில் விழுந்ததற்கு.

மொத்த பட்ஜெட்டில் பதினைந்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் ரூபாய் வரை பாதுகாப்புக் கவசங்களுக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். மிச்சத்தில் எந்த வண்டி வருகிறதோ அதுதான் உங்கள் வண்டி.

செகண்ட் ஹேண்டில் எடுப்பதென்றால்

முதல் ஸ்போர்ட்ஸ் வண்டியைப் பழையதாக வாங்குவது நல்ல யோசனை என்றே சொல்வேன். முதல் கீறல் ஏற்கெனவே விழுந்திருக்கும், மனசு கனக்காது. ஆனால் இந்த வகை வண்டிகள்தான் அதிகம் விழுந்து எழுந்தவை. ஃபேரிங் புதிதாக மாற்றினால் விழுந்த தடம் மறைந்துவிடும்.

அக்கா மகனுக்காக ஒரு வண்டி பார்க்கப் போனபோது எங்கள் மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப்போனேன். அவர் என்ஜினை ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, செல்போன் டார்ச்சை ஃபோர்க்குக்குப் பின்னால் அடித்தார். ஹேண்டில் எல்லையில் முட்டி நிற்கும் இடத்தில் ஒரு சின்ன உலோக முளை இருக்கும். ஸ்டாப்பர் என்பார்கள். இடப்பக்கத்தில் அது முழுசாக, பெயின்ட்டோடு இருந்தது. வலப்பக்கத்தில் ஓரம் நசுங்கி, வெள்ளையாகத் தெரிந்தது. "பாத்தீங்களா, ஹேண்டில் வேகமா வந்து அடிச்சிருக்கு. வண்டி ஓட்டத்துல விழுந்திருக்கு, நின்னு விழுந்ததில்ல" என்று காதோரம் சொன்னார். வெளியே ஒரு கீறல் இல்லை. பளபளவென்றிருந்தது வண்டி. திரும்பி வந்துவிட்டோம்.

ஸ்டாப்பரைப் பார்த்த பிறகு கைப்பிடி முனை, லீவர் நுனி, ஃபுட்பெக் ஓரம் ஆகியவற்றில் அரைபட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்க் குழாயில் எண்ணெய்க் கசிவு, செயின் ஸ்பிராக்கெட்டின் பற்கள் சுறா பல்போல் வளைந்திருப்பது, டயர் நடுவில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருப்பது எல்லாம் செலவு. சைலன்சர் மாற்றியிருந்தால் ஒரிஜினல் எங்கே என்று கேளுங்கள். கைக்கு வரும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே சூடாக்கி வைத்திருந்தால் காலை ஸ்டார்ட்டிங் தொல்லையை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம். 2018-க்கு முன்பின் வந்தவற்றில் ஏபிஎஸ் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். ஆர்15-ன் மூன்றாம் தலைமுறைகூட முதலில் ஏபிஎஸ் இல்லாமல்தான் வந்தது.

காகிதத்தில் ஆர்.சி. புக்கின் என்ஜின், சேசிஸ் எண்கள் வண்டியோடு ஒத்துப்போக வேண்டும். பைனான்ஸ் இருந்திருந்தால் கம்பெனியின் என்ஓசியும் படிவம் 35-ம் வேண்டும். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வேறு ஆர்.டி.ஓ. எல்லை என்றால் படிவம் 28. பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுக் கட்டாத அபராதங்கள் உள்ளனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

தலை, கை, கால்

ஹெல்மெட்டில் ஐஎஸ்ஐ முத்திரை சட்டப்படி கட்டாயம். சாலையோரக் கடைகளில் முத்திரையை ஸ்டிக்கராக ஒட்டி விற்கிறார்கள், அங்கே வாங்காதீர்கள். ஐஎஸ்ஐயோடு ஐரோப்பிய ஈசிஇ தரமும் உள்ள முழுமுக ஹெல்மெட்டுகள் இப்போது நியாயமான விலையில் கிடைக்கின்றன. போட்டுக்கொண்டு தலையை ஆட்டினால் கன்னத்துத் தோலும் சேர்ந்து நகர வேண்டும், ஹெல்மெட் தனியாகச் சுற்றக் கூடாது. பட்டையை மாட்டிய பிறகு பின்பக்கத்திலிருந்து மேலே தூக்கிப் பாருங்கள், கழன்று வந்தால் அளவு பெரிது. ஒரு முறை பலமாகக் கீழே விழுந்த ஹெல்மெட்டை மறுபடி போடாதீர்கள்.

விழும்போது கை தானாகத் தரையை ஊன்றும். அதனால் உள்ளங்கையில் கடினமான பட்டை வைத்த கையுறை ஹெல்மெட்டுக்கு அடுத்தபடி. கணுக்காலை மூடும் ஷூ. நம் வெயிலுக்குக் கண்ணறை துணியாலான மெஷ் ஜாக்கெட், தோளிலும் முழங்கையிலும் முதுகிலும் கவசத்தோடு. "பக்கத்துத் தெருவுக்குத்தானே" என்று செருப்போடு போகும் நாள்தான் என் பயமெல்லாம்.

முதல் ஆயிரம் கிலோமீட்டர்

புது டயரின் மேற்பரப்பு வழுக்கும். முதல் நூற்றைம்பது கிலோமீட்டராவது சாய்வும் பிரேக்கும் மெதுவாக இருக்கட்டும். என்ஜினை எந்த ஆர்பிஎம்முக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்று மேனுவலில் எழுதியிருக்கும், அதை மதியுங்கள். முதல் சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள். ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை செயினைத் துடைத்து லூப் (மசகு ஸ்பிரே) அடியுங்கள். காற்றழுத்தத்தை வண்டி ஓடிச் சூடாகும் முன், காலையில் பாருங்கள்.

கூட்டமில்லாத அகலமான ரோட்டில், பின்னால் யாரும் வராத நேரத்தில், பிரேக் பழகுங்கள். 30-ல் ஆரம்பித்து 40, 50. முன் பிரேக்கை வெடுக்கென்று இழுக்காமல், எலுமிச்சம்பழம் பிழிவதுபோல் அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்தில் லீவர் விரலுக்கு அடியில் துடிக்கும். அதுதான் ஏபிஎஸ் வேலை செய்வது. முதல் முறை துடிக்கும்போது எல்லோரும் பயந்து கையை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள், நிற்கும் வரை அழுத்திப் பிடியுங்கள். பழகிய பிறகே இது அவசரத்தில் கைகொடுக்கும்.

மலைப்பாதைக்கு அவசரம் வேண்டாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் வீடியோ எடுக்கும் ஆசை எனக்கும் புரிகிறது. முதலில் ஏற்காட்டின் 20 போதும், அதையும் காலை ஏழு மணிக்கு, தனியாக இல்லாமல், பழகிய ஒருவர் பின்னால். வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே கியரையும் வேகத்தையும் குறைத்துவிடுங்கள். சாய்ந்த பிறகு பிரேக்கைத் தொட வேண்டி வந்தால் உள்ளே வந்த வேகம் அதிகம் என்று பொருள். வண்டி நீங்கள் பார்க்கும் இடத்துக்குப் போகும். பள்ளத்தைப் பார்த்தால் பள்ளத்துக்கு. வளைவு முடியும் இடத்தைப் பாருங்கள். ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

வேகம் வேண்டும் என்ற ஆசை தவறில்லை. அதற்குரிய இடம் நமக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய அதிர்ஷ்டம். கோவை செட்டிபாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டை. நாட்டின் பிற மாநில ரைடர்கள் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு இந்த இரண்டு டிராக்குகளுக்கு வருகிறார்கள். புதியவர்களுக்கான ஒருநாள் பயிற்சிகள் இங்கே நடக்கின்றன. எதிரே லாரி வராது, மணல் கிடக்காது, மாடு குறுக்கே போகாது. ஆறு மாதம் ஓட்டிய பிறகு ஒரு நாள் போய் வாருங்கள். இன்னும் பெரிய வண்டி வேண்டுமா, உங்கள் வண்டியிலேயே இன்னும் பாதியைப் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறீர்களா என்று அன்று சாயங்காலம் உங்களுக்கே தெரியும்.

அதற்கெல்லாம் முன்னால், வண்டி வீட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்தில் உள்ள பள்ளி மைதானத்துக்குத் தள்ளிக்கொண்டாவது போங்கள். பத்தடி இடைவெளியில் இரண்டு செங்கல்லை வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு போடுங்கள். முதல் கியர், பாதி கிளட்ச், வலது கால் பிரேக்கில் லேசாக, முன் பிரேக்கில் ஒரு விரல்கூட வேண்டாம். பார்வை செங்கல்லில் வேண்டாம், அடுத்து திரும்ப வேண்டிய இடத்தில் இருக்கட்டும். இடைவெளி போதவில்லை என்றால் பதினைந்தடியாக்குங்கள், பிறகு குறைத்துக்கொண்டே வாருங்கள். கால் ஊன்றாமல் பத்து முறை எட்டு போட்ட பிறகு ரோட்டுக்கு எடுங்கள்.